மேலே நிற்கிற மூன்று பேர்

மச்சான்,

உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டு என் கடை மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. கீழே இருக்கிற நீளக் கட்டை அமுங்க மாட்டேன் என்கிறது என்று அக்கா கொடுத்தனுப்பினாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். மிக்சர் தூள் கொட்டியது, கொஞ்சம் மணல் கொட்டியது. அத்தனை கட்டைகளில் நாலே நாலில் மட்டும் எழுத்து அழிந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. கேமில் ராக்கெட்டின் மூக்கை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்புகிற நாலு கட்டைகள். அவற்றின் இடுக்கிலிருந்து வேப்பெண்ணெய் வாசம் வந்தது. இடது கையில் விரல் போன இடத்தில் நீங்கள் தடவிக்கொள்கிற எண்ணெய். அந்த வாசம் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அஞ்சு மாசமாக எதைத் தொட்டாலும் முதலில் கோபம்தான் வருகிறது.

உங்களை அடக்கத்துக்கு எடுத்துப் போன அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "கம்ப்யூட்டர்ல ராக்கெட்டு கேம் வெளாண்டு வெளாண்டே போயிட்டாரு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஆமாங்க, அந்த வெளிச்சம் கண்ணு வழியா ஏறி நெஞ்சுல எறங்கிரும்" என்றார். ஏதோ இவர்தான் ஈசிஜி எடுத்துப் பார்த்தவர் மாதிரி. உங்கள் அண்ணன், என் பெரிய மச்சான், இருவர் சொன்னதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அது ஊர்ப்பேச்சு ஆகிவிட்டது. மீமிசல் கடைத்தெருவில் என் கடைக்கு போனில் கண்ணாடி மாற்ற வந்தவர்கள்கூட என்னிடமே துக்கம் விசாரித்துவிட்டு, என்னிடமே கேமைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் விழுந்தது எங்கே? அஸர் தொழுதுவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில், கையில் கிளாஸோடு. கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் தனியாகக் கிடந்தது. இருபது வருஷம் விசைப்படகில் நின்று நீங்கள் ஊதின பீடியை ஒருத்தரும் வாயில் எடுக்கவில்லை. வலை இழுக்கிற வின்ச்சின் கயிறு ரெண்டு விரலைச் சுருட்டிக்கொண்டு போனதே, அன்றைக்கு எவராவது கடலைக் குறை சொன்னார்களா? "கடல்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒரு மனுஷன் நிழலில் உட்கார்ந்து சந்தோஷமாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் மட்டும் அதில் விஷம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

அந்தச் சந்தோஷம் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல் போய் ஆறு மாசம் இருக்கும். மீனவர் அட்டையைப் புதுப்பிக்க என் கடைக்கு வந்தீர்கள். சர்வர் வேலை செய்யவில்லை. "இருங்க மச்சான், வந்துரும்" என்று சொல்லி உட்காரவைத்தேன். பக்கத்து மேஜையில் ரிப்பேருக்கு வந்த ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூடு தாங்குகிறதா என்று பார்க்க அதிலேயே இருந்த ராக்கெட் கேமைத் திறந்துவிட்டிருந்தேன். டேங்கு, என்ஜின், இறக்கை எல்லாம் ஒரு பக்கம் வரிசையாக இருக்கும். நாமே எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி, ஆளை ஏற்றி, மேலே அனுப்ப வேண்டும். "இத நான் தொடலாமா மாப்ள?" என்று கேட்டீர்கள். சர்வர் மூன்று மணிக்கு வந்தது. நீங்கள் அட்டையை மறந்துவிட்டிருந்தீர்கள்.

முதல் ராக்கெட் கொஞ்ச உயரம் போனதும் தலை குப்புறத் திரும்பி, போன வேகத்திலேயே தரைக்கு வந்தது. ரெண்டாவதும் அப்படியே. பதினோரு ராக்கெட் கவிழ்ந்தது மச்சான், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் செய்தது ஒன்றுதான்: அடியில் இன்னும் கொஞ்சம் கனத்தைச் சேர்த்தீர்கள். மேலே ஆள் இருக்கிற கூண்டை லேசாக வைத்து, வளைக்க வசதி என்று பெரிய இறக்கைகளை மூக்குப் பக்கம் ஒட்டினீர்கள். "கனம் அடியில கெடந்தா எப்படிக் கவுரும்?" என்று ஸ்கிரீனைப் பார்த்து அதட்டினீர்கள். நம் கரையில் யாரை உட்காரவைத்தாலும் இதைத்தான் செய்வார்கள். அடியில் மணல் மூட்டை போட்டால் படகு ஆடாது என்பது இங்கே நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடுகிற விஷயம். தண்ணீரில் மிதப்பதற்கு உள்ள அந்தப் புத்தியை நீங்கள் காற்றில் கொண்டுபோய் வைத்தீர்கள். காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

நான் போனில் தேடிப் படித்துச் சொன்னேன்: கனம் மூக்குப் பக்கம் இருக்க வேண்டும், இறக்கை வால் பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் நம்பவில்லை. கடைக்குப் பின்னால் போய், சட்டைப்பையிலிருந்து தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்தீர்கள். அதில் ஒரு முழம் கிழிந்த வலையைக் கட்டி வீசினீர்கள். குண்டு முன்னால் போனது, வலை பின்னால் இழுபட்டுப் போனது. வலை முன்னால் போகிற மாதிரி எறிந்து பார்த்தீர்கள். பாதி வழியில் குண்டு சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. இப்படி இருபது தடவை எறிந்திருப்பீர்கள். பிறகு திரும்பி, "கனம் முந்திப் போகணும். எறக்க பிந்தி வரணும். அம்புட்டுதான், இதுக்கா இம்புட்டு இங்கிலீசு?" என்றீர்கள். பன்னிரண்டாவது ராக்கெட் நேராகப் போனது. அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்காதவர்கள்தான் இன்றைக்கு உங்கள் சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மேலே போனதும் ராக்கெட்டைச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூமியைச் சுற்ற முடியாது. நான் வெடுக்கென்று சாய்ப்பேன், அது சுழன்று உடைந்துவிடும். நீங்கள் கட்டையைத் தொட்டுத் தொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பீர்கள். "அலைக்கு வெலாவக் காட்டுனா போட்டக் கவுத்துரும்ல, அதே கததான் மாப்ள. காத்துக்கு வெலாவக் காட்டாத" என்பீர்கள். என்ஜினின் வாய் லேசாகத் திரும்பி ராக்கெட்டை நேர்ப்படுத்துவதை, படகைத் திருப்புகிற சுக்கான் என்றீர்கள். எரிபொருள் தீரத் தீரக் கனம் இடம் மாறுவதை ஒரு நோட்டில் எழுதினீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நீங்கள் எழுதிய அந்த நோட்டை எந்த வாத்தியாரிடமும் காட்டலாம்.

உங்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. கேமில் ராக்கெட் உடைந்தால், ஒரு பட்டனை அமுக்கி உடைவதற்கு முன்னால் போய்விடலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், நானும்தான். நீங்கள் ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. "கடல்ல அந்தப் பட்டன் இருக்கா?" என்று ஒரே கேள்வி. ஆள் போனால் போனதுதான். போனவனுடைய பெயரை நோட்டில் எழுதி, எதனால் என்று கீழே ஒரு வரி எழுதி, ரெண்டு நாள் கேமையே திறக்க மாட்டீர்கள்.

ஒரு கட்டத்தில் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குத் தேற்றித் தரச் சொன்னீர்கள். தேற்றித் தந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். ஸ்கிரீன் மூலையில் உள்ளே இருக்கிறவர்களின் முகம் தெரியும் அல்லவா, அதில் நடுவில் இருக்கிறவன் எதற்கும் பயப்படாமல் சிரிப்பான் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

கடைசியாக நீங்கள் மூன்று பேரை நிலாவுக்கு அனுப்பி, இறக்கி, திரும்பவும் ஏற்றினீர்கள். பூமிக்கு வந்துகொண்டிருக்கும்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அப்புறம் டீக்கடை.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்ததும் பெரிய மச்சான் வாசலில் நின்று பேச்சை எடுத்தார். அக்கா இத்தாவில் இருந்தாள். புருஷன் போனபின் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற முறை. அதனால் அவர் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினார். "அந்தப் பொட்டி வீட்ல இருக்க வேணாம்மா. அது இருக்கவரைக்கும் ஒனக்கு அவன் நெனப்புதான் வரும். வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு ஆட்டோ கொண்டாரேன்."

திரைக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்: "மூணு பேரு மேல நிக்கிறாங்க பெரிய மச்சான். அவுகள எறக்கிட்டு எடுத்துக்கங்க."

பெரிய மச்சான் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், உங்கள் பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, யாரையாவது அழைத்து ஓதிப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பெண் ஆறு மாசமாகத் தன் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பார்த்தாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உங்களைக் கிறுக்கு என்றார்கள், அவளையும் கிறுக்கு ஆக்கிவிட்டார்கள். நான் எழுந்து விளக்கம் சொன்னேன். "சரி சரி, எறக்கித் தொலைங்க" என்றார் பெரிய மச்சான்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கவில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். நீங்கள் நிறுத்திய இடத்தில் நின்றது, ராக்கெட்டில் மிச்சமிருந்த துண்டு. உச்சியில் பாராசூட், அதன் கீழே ஒரு சின்ன டேங்கு, அப்புறம் மூன்று பேர் இருக்கிற கூண்டு, கூண்டுக்குக் கீழே இன்னொரு சின்ன டேங்கு, அடியில் வெப்பத்தட்டு. காற்றுக்குள் நுழையும்போது பிடிக்கிற நெருப்பை அந்தத் தட்டுதான் தாங்கும். தட்டு முன்னால் வந்தால் பிழைப்பார்கள். திரும்பிக்கொண்டு பாராசூட் முன்னால் வந்தால் அது கருகிவிடும், கதை முடிந்தது.

"மொதல்ல இந்த எடத்தப் பதிஞ்சு வச்சுக்கிறேன் அக்கா, தப்பாப் போனா திரும்ப வரலாம்" என்றேன்.

"வேணாம். அவுக அப்படிச் செய்ய மாட்டாக."

"அக்கா, எனக்கு அவுக கைப்பழக்கம் கெடையாது."

"அப்ப பாத்து எறக்கு" என்றாள்.

எனக்கு உங்கள் மேலேயே ஆத்திரம் வந்தது மச்சான். தொழுதுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனீர்கள், வரவில்லை, உங்கள் சட்டத்தை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள். காற்றின் ஓரத்தைத் தொட்டது. தட்டை முன்னால் வைத்துப் பிடிக்கிற பட்டனைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒழுங்காக வந்தது. பிறகு கூண்டு தலையாட்ட ஆரம்பித்தது. நேர்ப்படுத்தி நேர்ப்படுத்தி பேட்டரி பாதிக்குக் கீழே போய்விட்டது. அது தீர்ந்தால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை, கனமும் உருவமும் எப்படிச் சொல்கிறதோ அப்படித்தான் விழும்.

"எண்ண எங்க இருக்கு?" என்றாள் அக்கா. மிச்சமிருந்த எரிபொருளைக் கேட்டாள். முழுவதும் மேல் டேங்கில் இருந்தது.

"அதக் கீழ எறக்கு."

"இல்லக்கா, கனம் மூக்குலதான் இருக்கணும். மச்சானே நோட்டுல எழுதி வச்சிருக்காக."

"அது மேல போறப்ப. இப்ப கீழல்ல வருது? எது முந்திப் போகணுமோ அங்கிட்டுத்தான் கனம் இருக்கணும். எறக்குடா!"

நான் திகைத்துப் போனேன். பதினோரு ராக்கெட்டை உங்களுக்குக் கவிழ்த்த அதே படகுப் புத்தி, இறங்கும்போது சரியாக இருக்கிறது. நான் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன், அவள் விஷயத்தைப் பிடித்திருந்தாள். எரிபொருளை மேல் டேங்கிலிருந்து கீழ் டேங்குக்குத் திறந்துவிட்டேன். ஸ்கிரீன் முழுக்க ஆரஞ்சு நிறம். அளவு சொட்டுச் சொட்டாக இறங்கியது. பேட்டரி தீர்ந்து கட்டைகள் செத்துப்போயின. கூண்டு ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்தது. அக்கா என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. சாய்ந்தது மெல்லத் திரும்பி வந்தது, இன்னொரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, அதைவிடக் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது, அப்புறம் தட்டை முன்னால் வைத்து நின்றுவிட்டது. யாரும் பிடிக்காமல், தானாக. நான் எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பாராசூட் விரிந்தது. கடலில் இறங்கியது. மூலையில் மூன்று முகங்களும் இருந்தன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உங்களை எடுத்துப் போன அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "என்னம்மா, எறக்கியாச்சா? எடுத்துரலாமா?" என்று பெரிய மச்சான் குரல் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த கேலி என்னை எழுப்பிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனேன். நாற்பது நாளாகத் தொண்டையில் இருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"எறக்கியாச்சு பெரிய மச்சான். ஒங்க தம்பி பெண்டாட்டிதான் எறக்குனா. கேமுதான் கொன்னுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களே, ஒரு நாளாச்சும் பக்கத்துல உக்காந்து அவுக என்ன செய்யிறாகன்னு பாத்தீங்களா? வெரல் போன மனுசன் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா ஒங்களுக்கெல்லாம் ஏன் எரியிது? செத்த பெறகும் அவுகள விட மாட்டீங்களா?"

ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பெரிய மச்சான் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் அவன் போன பெறகுதான்டா சொன்னேன்" என்றார். "நீ அவன் இருக்கையிலயே சொன்ன. ஒங்கடையில, நாலு பேருக்கு முன்னாடி. அன்னைக்கி அவன் நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். சோறு வேணாமுட்டான். போறப்பதான் சொன்னான், நீ சொன்னத."

பதில் உள்ளேயிருந்து வந்தது. "ஆட்டோவ அனுப்பிருங்க பெரிய மச்சான், பொட்டி வரல" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. எனக்கு வேல கெடக்கு" என்றாள். திரைக்குப் பின்னால், கேமில் ராக்கெட் கட்டுகிற பக்கத்தின் பாட்டு ஓட ஆரம்பித்தது.

பெரிய மச்சான் போய்விட்டார். இப்போதெல்லாம் கேமைப் பற்றி அவர் எங்கும் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசினால் நான் இன்னும் சண்டைக்குப் போகிறேன். போய்த் திரும்பும்போதெல்லாம், எனக்குச் சண்டை யாரோடு என்பது தெரிந்துதான் திரும்புகிறேன்.

நான் அதைச் சொன்னது ஒரு மழை நாளில். கரண்டு போய் வந்து கடை நிறைய ஆள். நீங்கள் ஓரத்து மேஜையில் ராக்கெட்டுக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். போனை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு நின்ற ஒருத்தர், "யாருங்க இது, சின்னப்புள்ள மாதிரி?" என்று கேட்டார். எனக்கு அவர் முன்னால் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் போல இருந்தது. "எங்க மச்சான்தான். எட்டு வெரல வச்சுக்கிட்டு வல இழுக்க முடியல, ராக்கெட்டு விடப்போறாக" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள் மச்சான். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் மனசில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் உங்கள் முகத்தை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. சிரிக்கிறாரே, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்தவரின் போனைக் கழற்ற ஆரம்பித்தேன்.